ஏறச் சொன்னவர்

எங்கள் தெரு லைன்மேனுக்கு மனிதர்களின் முகம் சரியாகத் தெரியாது. கண்ணில் கோளாறு ஒன்றுமில்லை. நடக்கும்போது தலை எப்போதும் அண்ணாந்தே இருக்கும், அவ்வளவுதான். கம்பியில் கிளை உரசுகிறதா, கம்பத்து மூட்டில் பொறி பறந்த கருப்பு தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே போவார். எதிரே வருகிறவர்கள்தான் ஒதுங்க வேண்டும். அவருடைய கல்யாண போட்டோவை நான் பார்த்திருக்கிறேன். மணப்பெண் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறாள். மாப்பிள்ளை மண்டபத்து விட்டத்தில் தொங்கும் ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். "என் மூஞ்சிய அவரு பாத்ததே மறுநாள் காலையிலதான்" என்று அவர் மனைவி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் பக்கத்து வீடு. தையல் வேலை. ஊரில் எல்லோருக்கும் டெய்லரக்கா. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நூறு ஆயுசு சொல்லலாம். பத்தொன்பது வருஷமாக அவர் சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவதை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மழை பெய்தால், காற்று அடித்தால், எவன் வீட்டிலாவது ஃபேன் நின்றால் ஊர்க்காரர்கள் ஆபீசுக்கு ஃபோன் செய்வதில்லை, இவருக்குத்தான் செய்வார்கள். "இப்போ முடியாது" என்ற சொல் அந்த மனிதர் வாயில் வந்ததே இல்லை. "அஞ்சு நிமிஷம்" என்பார். அதோடு தட்டு மூடப்படும் சத்தம் கேட்கும். எனக்குக் கோபமாக வரும். இப்படி இளிச்சவாயனாக இருந்தால் ஊர் ஏறி மிதிக்காமல் என்ன செய்யும் என்று அவர் மனைவியிடம் திட்டுவேன். திட்டிவிட்டு, என் மெஷின் நின்றால் நானும் அவருக்குத்தான் ஃபோன் செய்வேன்.

அவருக்குக் கூட்டாளி ஒருவன். ஆள் ஐந்தடிதான் இருப்பான், அதனாலேயே நெட்டை என்று பெயர். நாற்பது வயது, மூன்று பிள்ளைகள், பூனை மாதிரிக் கம்பம் ஏறுவான். பதினோரு வருஷமாக இருவரும் ஜோடி. இவர் கீழே நிற்பார், அவன் மேலே போவான். அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு, எனக்கே தெரியும், ஏனென்றால் என் வாசல் கம்பத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கீழே நிற்கிறவர் லைனை அணைக்கச் சொல்லி, அணைந்துவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, "ஏறு" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை மேலே போகிறவன் கம்பத்தில் கால் வைக்கக் கூடாது. நெட்டை ஏணியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கொக்கு மாதிரி நின்று, அந்தச் சொல்லுக்காகக் காத்திருப்பான். பிள்ளைகள் அதைப் பார்த்துக் கேலி செய்யும். அவன் அசைய மாட்டான்.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனுக்கு முந்தின நாள் காற்றில் கிழக்கு வயலில் ஒரு மரம் சாய்ந்து கம்பியை இழுத்துவிட்டது. வியாழன் மத்தியானம் தொங்கிய கம்பி அறுந்து மின்சாரம் போனது. என்னிடம் ஈஸ்டருக்கென்று ஏழு உடுப்பு பாக்கி, அதில் நாலு பாட்டுக் குழுப் பிள்ளைகளுடையது. மெஷினோ மோட்டார் மெஷின். லைன்மேனுக்கு ஒரு மணிக்கு ஃபோன் செய்தேன். இரண்டரைக்குச் செய்தேன். மூன்று மணிக்கு மறுபடி செய்து, "என்ன தம்பி, கம்பத்துல ஏறித் தூங்கறீங்களா?" என்று கேட்டேன். "அஞ்சு நிமிஷம்க்கா" என்றார்.

ஐந்து நிமிஷத்தில் மின்சாரம் வரவில்லை. கால் மணி நேரத்தில் செய்திதான் வந்தது. நெட்டையை மின்சாரம் தாக்கி, கம்பத்திலிருந்து வயலில் தூக்கி எறிந்துவிட்டதாம். வலது கை கருகிப் போயிருக்கிறதாம். உயிர் இருக்கிறதாம். டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். சாயங்காலம் வேறு ஊர் ஆட்கள் வந்து கம்பியைச் சரிசெய்தார்கள். மின்சாரம் வந்ததும் நான் மெஷினில் உட்கார்ந்து பாக்கியைத் தைத்தேன். இன்றைக்கு நினைத்தால் எனக்கே என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, ஆனாலும் தைத்தேன்.

வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் யாரோ, "லைன்மேன் சரியா அணைக்கலையாமே" என்று இழுத்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டு அலைகிறவள் நான். "யாருடா சொன்னது? பத்தொன்பது வருஷம் உங்க வீட்டுக்கெல்லாம் ஓடி வந்த மனுஷன் மேல நாக்கு கூசாமப் பேசறீங்க. அந்த நெட்டை ஒரு அவசரக்குடுக்கை. இவர் சொல்றதுக்கு முன்னாடியே ஏறியிருப்பான்" என்று கத்தினேன். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் அங்கே இல்லை. நெட்டை அவசரக்குடுக்கை இல்லை என்பது மட்டும்தான் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே விஷயம். ஆனாலும் சொன்னேன், கடையில் நின்ற எல்லோருக்கும் அது பிடித்துப் போனது. நான் ஊகமாகச் சொன்னதை, சாயங்காலத்துக்குள் நேரில் பார்த்தவர்கள் சொன்னதாக ஊர் பேச ஆரம்பித்துவிட்டது.

ஈஸ்டர் காலைப் பூசையில் லைன்மேன் வீட்டார் உட்காரும் பெஞ்சு காலியாக இருந்தது. வாசல்வரை ஆட்கள் நின்றார்கள். இருந்தும் யாரும் அதில் போய் உட்காரவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் வம்பர்கள், கஞ்சர்கள், ஒருத்தர் வேலி ஒரு சாண் நகர்ந்தால் மூன்று தலைமுறை பேசாமல் இருப்பவர்கள். ஆனால் சில சமயம் இப்படியும் செய்வார்கள்.

பூசை முடிந்து, ஒரு பாத்திரத்தில் கோழி சூப்பை ஊற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக அவர்கள் வீட்டுக்குப் போனேன். வீடு பண்டிகை வீடு மாதிரியே இல்லை. திரைச்சீலைகூட விலக்கவில்லை. மகள்கள் இருவரையும் வெள்ளிக்கிழமையே சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் சமையலறை மேசையில் இடமில்லை. பேக்கரிக்காரர் விடியற்காலையிலேயே கேட்டில் ஒரு பையை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார், இரண்டு பெரிய பிரெட், தொட்டால் இன்னும் சூடு. கோழி வளர்க்கிற அம்மா ஒரு கூடை முட்டை. எதிர்வீட்டிலிருந்து கேக். வாத்தியார் வந்திருந்தாராம். ஒருத்தருக்கு ஒரு தம்ளர் தண்ணீர்கூட யோசித்துக் கொடுக்கும் அந்த வாத்தியார், தன் செய்தித்தாளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அரைமணி நேரம் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாராம். வியாழனிலிருந்து கம்பத்தடியிலேயே கிடந்த லைன்மேனின் பைக்கை, யாரோ சேறு போகக் கழுவித் துடைத்து, ஹாரன்கூட அடிக்காமல் வாசலில் நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது.

"ஒரு வாய் சாப்பிடலைக்கா" என்றாள் லைன்மேன் மனைவி. "வாங்கி வாங்கி வைக்கறேன். அவரு அந்தப் பக்கமே வர மாட்டேங்கறாரு. ஒவ்வொரு பாத்திரம் வரும்போதும் மூஞ்சி இன்னும் சின்னதாயிடுது."

அவர் பின்கட்டில் கவிழ்த்துப் போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தார். தலை குனிந்திருந்தது. அந்த மனிதரின் உச்சந்தலையை நான் அன்றுதான் பார்த்தேன். நடுவில் முடி கொட்டியிருந்தது. அழுகை வந்துவிட்டது எனக்கு. அதை மறைக்க, "ஊரே உங்க பக்கம் இருக்கு தம்பி, எதுக்கு இப்படி இடிஞ்சு போய் உக்காந்திருக்கீங்க?" என்று அதட்டினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நன்றியோடு பார்ப்பார் என்று நினைத்தேன். வலி தாங்காதவர் பார்ப்பதுபோல் இருந்தது.

பதினோரு மணி இருக்கும், முன்வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். நெட்டையின் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகளைப் பார்க்க வந்தவள். மூன்று நாள் தூங்காத கண். கையில் தட்டு போட்டு மூடிய ஒரு கிண்ணம். லைன்மேன் மனைவி உள்ளே கூப்பிட்டாள். அவள் வரவில்லை, படியிலேயே நின்றாள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க எங்களுக்கு நிறையக் குடுத்துட்டாங்கக்கா. நான் எங்க சமைச்சேன்? அதுல பாதி எடுத்துட்டு வந்தேன். அண்ணனுக்குக் குடுங்க."

"எதுக்கும்மா, உனக்கே ஆயிரம் கஷ்டம்…"

"இல்லக்கா. எங்க வீட்டுக்காரரு அண்ணன் பேச்சக் கேக்காம ஏறிட்டாரு. அவரால இப்போ அண்ணன் வேலைக்கே ஆபத்துன்னு சொல்றாங்க. அவருக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. ஆனா ஊர்ல எல்லாரும் பேசறதா பாக்க வந்தவங்க சொன்னத அவருகிட்ட சொன்னேன். கேட்டதுலருந்து சுவரப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. அண்ணன்கிட்ட என் சார்பா மன்னிப்பு கேளுன்னு சொன்னாரு. அதான் வந்தேன். மன்னிச்சுக்கச் சொல்லுங்கக்கா."

கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். நான் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊர்ல எல்லாரும் என்று அவள் சொன்னாளே, அந்த எல்லாரும் நான்தான். கடையில் நான் போட்ட கூச்சல் ஆஸ்பத்திரிக் கட்டில்வரை போய், கை வெந்து கிடந்தவனைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டிருக்கிறது.

பின்கட்டிலிருந்து லைன்மேன் உள்ளே வந்தார். எல்லாம் கேட்டிருந்தது அவருக்கு. மேசைமேல் வைத்த கிண்ணத்தைத் தொடாமல் பார்த்தபடி நின்றார்.

"ஏறுன்னு நான்தான்க்கா சொன்னேன்" என்றார்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் மனைவி.

"மூணு நாளா சும்மாதான் இருக்கேன்." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அந்தக் கம்பத்துல ரெண்டு லைன் போகுதுக்கா. ஒண்ணு ஊருக்கு. இன்னொண்ணு மரம் அறுக்கற மில்லுக்கு, வேற சப்-ஸ்டேஷன்லருந்து வருது. ஏறணும்னா ரெண்டையும் அணைக்கணும். நான் ஊர் லைனை மட்டும்தான் அணைக்கச் சொன்னேன். மில் லைன் ரெண்டு மாசத்துக்கு முன்னாடி போட்டது. போட்டதே நாங்கதான், நானும் அவனும். சுத்தமா மறந்துட்டேன்."

நான் கதவை விட்டு உள்ளே வந்தேன்.

"அதுகூடப் பரவால்ல. கம்பியை மண்ணோட சேக்கற எர்த் கம்பு இருக்கு, கரண்டு மிச்சமிருந்தா பொறி பறந்து காட்டிடும். கீழ இருந்தே மாட்டிடலாம். மாட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். அது பைக்ல கட்டியிருந்துச்சு, கட்டை அவுக்க ரெண்டு நிமிஷம். 'மாட்டிடலாமாண்ணே'ன்னு அவன் கேட்டான். நான் ஃபோன்ல பேசிட்டிருந்தேன். வேணாம்னு கையாலயே காட்டினேன். ஃபோனை வெச்சுட்டு 'ஏறு'ன்னேன். ஏறினான்."

"ஃபோன்ல யாரு?" என்று கேட்டேன்.

அவர் மேசையிலிருந்த உப்பு ஜாடியை நகர்த்தி வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்திலிருந்த அரிசி டப்பாவின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பத்துல ஏறித் தூங்கறீங்களா என்று கேட்டிருக்கிறேன், மகராசி.

அவர் மனைவி கடிகாரத்துக்குப் பின்னால் செருகியிருந்த ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டாள். சனிக்கிழமை இன்ஜினியர் கொண்டுவந்து கொடுத்ததாம். தயாராக டைப் அடித்திருந்தது. தான் உத்தரவு கொடுக்கும் முன்பே உதவியாளர் தன்னிச்சையாகக் கம்பத்தில் ஏறிவிட்டார் என்று லைன்மேன் சொல்வதாக நாலு வரி. கீழே கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. திங்கள் காலை பத்து மணிக்குள் ஆபீசில் கொடுத்துவிட வேண்டும்.

"ஊர்லயும் அப்படித்தான் பேச்சாமே, அப்புறமென்ன யோசனைன்னு கேட்டாரு இன்ஜினியர்" என்றார் லைன்மேன்.

"இதுல கையெழுத்துப் போட்டா நெட்டைக்கு என்ன ஆகும்?"

"சட்டத்தை மீறி ஏறினவன்னு ஆயிடும். நஷ்டஈடு கிடையாது. கை பிழைச்சாலும் வேலை கிடையாது."

"போடலைன்னா?"

அதற்கு அவர் மனைவி பதில் சொன்னாள். "போடலைன்னா இவருக்கு வேலை போகும். கேஸ் வரும். பெரியவளுக்குக் காலேஜ் இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. சின்னவளுக்கு ஒண்ணுமே ஆரம்பிக்கலை. அவரு வேணும்னா பண்ணினாரு? ஒரு ஃபோன், ஒரு மறதி. அதுக்கு நாங்க நாலு பேரும் தெருவுக்கு வரணுமா? நீங்க சொல்லுங்கக்கா. நீங்க சொன்னா கேப்பாரு."

அவள் கெட்டவள் இல்லை. பயந்தவள். அவள் இடத்தில் நான் இருந்தால் கையைப் பிடித்துக் கையெழுத்துப் போட வைத்திருப்பேன். இப்போதும்கூட, போட்டுத் தொலைங்க தம்பி என்ற வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. எதற்குப் பொய்? அவர் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் என் ஃபோனும் அதோடு புதைந்துபோகும், கடையில் நான் பேசியதும் உண்மையாகிவிடும். எனக்கு அதில் எவ்வளவு சௌகரியம் என்று நினைத்ததும் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அபூர்வம்.

லைன்மேன் எழுந்து முகம் கழுவினார். சட்டையை மாட்டினார். நெட்டை மனைவி கொடுத்த கிண்ணத்தை, மூடியைக்கூடத் திறக்காமல், இரண்டு கையாலும் எடுத்தார்.

"எங்க போறீங்க?" மனைவி வாசலை மறித்தாள். "பொண்ணுங்களை நினைச்சுப் பாருங்க."

"அவனுக்கும் மூணு இருக்கு" என்றார்.

அவள் நகரவில்லை. அவரும் தள்ளவில்லை. கிண்ணத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து அவளே நகர்ந்து, சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். ஏன் போனேன் என்று கேட்டால், வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

நெட்டை வீடு ஊரின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். பத்து நிமிஷ நடை. அந்தப் பத்து நிமிஷமும் எங்கள் ஊரின் நல்ல மனசு எங்களை விடவில்லை. பேக்கரிக்காரர் கடைக்குள்ளிருந்தே, "பிரெட்டு நல்லாருந்துச்சா?" என்றார். கோழிக்காரம்மா வேலிமேல் எட்டி, "ரெண்டு முட்டை உடைஞ்சிருந்துச்சே, வேற தரட்டா?" என்றாள். வாத்தியார் தன் வீட்டு வாசலில் எழுந்து நின்று, "எங்களுக்கு உங்களைத் தெரியாதா? ஒருத்தன் முந்திரிக்கொட்டைத்தனமா ஏறினதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்.

லைன்மேன் நின்றார். "நான்தாங்க ஏறச் சொன்னேன்" என்றார் வாத்தியாரிடம். சொல்லிவிட்டு நடந்தார். வாத்தியார் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அந்த மனிதர் கம்பியைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து நடந்தார். எல்லார் முகமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நெட்டை வீட்டில் ஒரே அறை, ஒரு சமையல் தடுப்பு. கட்டிலில் மூன்று பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்த்தன. அவன் மனைவி இரண்டு மணி பஸ்ஸுக்கு மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவனுடைய சட்டைகளைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். வலது கை நுழைக்க முடியாதென்று, ஒவ்வொரு சட்டையிலும் அந்தப் பக்கத்துக் கையை அக்குள்வரை வெட்டிவிட்டிருந்தாள். கத்தரிக்கோல் மழுங்கல் போல, துணி பிசிறு பிசிறாக இருந்தது. தையற்காரிக்கு இதுதான் கண்ணில் படும்.

"வாங்கண்ணே" என்று எழுந்தவள், அவர் கையில் கிண்ணத்தைப் பார்த்ததும், "சாப்பிடலையாண்ணே?" என்றாள்.

அவர் வாசலைத் தாண்டவில்லை. நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு லைன், எர்த் கம்பு, அவன் கேட்டது, இவர் கையால் வேண்டாம் என்றது. எதையும் குறைக்கவில்லை. ஃபோனில் யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். கடைசியில், "அவன் அவனா ஏறலம்மா. நான் சொன்னேன், ஏறினான்" என்றார்.

"திரும்பச் சொல்லுங்க" என்றாள்.

திரும்பச் சொன்னார்.

அடிப்பாள் என்று நினைத்தேன், திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த சட்டையோடு கட்டிலில் உட்கார்ந்தாள். "அப்போ அவர் மேல தப்பில்லையா?" என்றாள். யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. "ராத்திரி பகலா ஒரே புலம்பல். பதினோரு வருஷத்துல ஒரு நாள்கூட சொல்லாம ஏறினதில்லையே, அன்னிக்கு எனக்கு என்ன பைத்தியம் பிடிச்சுதுன்னு. கை வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லல அவரு. இதையேதான் சொல்லிட்டிருந்தாரு."

என்னால் தாங்க முடியவில்லை. "அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நான்தாம்மா. கடையில. எனக்கு ஒண்ணுமே தெரியாது, வாய்க்கு வந்தத சொன்னேன். அந்த நேரத்துல அவருக்கு ஃபோன் பண்ணினதும் நான்தான்" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. எனக்கு ஒதுக்க அவளிடம் அப்போது நேரமில்லை. ஃபோனை எடுத்து ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த மைத்துனனுக்குப் போட்டாள். அவரிடம் கொடு என்றாள். பிறகு ஸ்பீக்கரை அழுத்தி, ஃபோனை லைன்மேனின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க."

லைன்மேனின் கை இரண்டும் கிண்ணத்தைப் பிடித்திருந்தன. குனிந்து ஃபோனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். "டேய்" என்றார். இன்னும் குனிந்தார். "டேய், நீயா ஏறலடா. நான் ஏறச் சொன்னேன். எர்த் மாட்டலாமான்னு நீ கேட்ட. நான்தான் வேணாம்னேன்."

அந்தப் பக்கம் எங்கோ ஒரு தட்டு விழுந்து உருளும் ஒலி மட்டும் கேட்டது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு நெட்டையின் குரல் வந்தது.

"நான் கேட்டேனாண்ணே?"

"கேட்டடா."

"நிஜமாவா?"

"நிஜமா. ஏணியில ஒரு காலை வெச்சுக்கிட்டு நின்ன. நான் சொன்னப்புறம்தான் ஏறின."

அவன் அழ ஆரம்பித்தான். அது வலிக்கிறவன் அழுகிற அழுகையில்லை. கட்டிலில் இருந்த மூத்த பிள்ளையும் கூடவே அழுதது. மனைவி ஃபோனைத் தன் காதுக்குக் கொண்டுபோய், "கேட்டீங்கல்ல? இப்போ தூங்குங்க. நான் ரெண்டு மணி பஸ்ஸுக்கு வந்துடறேன்" என்று சொல்லி அணைத்தாள்.

அணைத்த பிறகுதான் அவள் முகம் மாறியது. லைன்மேனின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி அடுப்புப் பக்கம் வைத்தாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு எல்லாம் உறைத்திருக்கும்: செவ்வாய்க்கிழமை டாக்டர்கள் அந்தக் கையை எடுப்பதா வேண்டாமா என்று பார்க்கப் போவது, மூன்று பிள்ளைகள், இரண்டு நிமிஷத்தில் அவிழ்த்திருக்கக்கூடிய ஒரு கட்டு.

"என்னை மன்னிச்சுடும்மா" என்றார் லைன்மேன்.

"காலையில உங்க வீட்டுப் படியில நின்னு நான் ஒரு மன்னிப்பு கேட்டேன்" என்றாள். "அவரு கேக்கச் சொல்லிக் கேட்டேன். அதை முதல்ல திருப்பிக் குடுங்க. உங்களோடதை அப்புறம் பாக்கலாம்."

ஒருத்தர் கேட்ட மன்னிப்பை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று நான் விழித்துக்கொண்டு நின்றேன். லைன்மேன் விழிக்கவில்லை. அவருக்கு அது எங்கே இருக்கிறது, எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள ஆபீஸ்ல, நான்தான் ஏறச் சொன்னேன்னு எழுதிக் குடுத்துடறேன்மா" என்றார்.

அவள் கீழே விழுந்திருந்த சட்டையை எடுத்து உதறி, மடித்துப் பையில் வைத்தாள்.